யூட்யூப் மெக்கானிக்கும் ஒரு ஸ்ப்ளிட் பின்னும்

நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பாக்குறது சாஃப்ட்வேர் வேலை. இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை, எங்க செட்டுல முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். ஆட்டோ சைக்கிளுக்கு பி-வி வரைபடம் போடச் சொன்னா நடுராத்திரி எழுப்பினாலும் போடுவேன். (மூணு சக்கர ஆட்டோ இல்லைங்க, நிக்கோலஸ் ஆட்டோன்னு ஒரு ஜெர்மன்காரர் பேர்ல வந்தது.) ஆனா அந்த நாலு வருஷத்துல ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கூட கையால கழட்டினது கிடையாது. லேப்ல ஒரு இரும்புத் துண்டை அரம் வெச்சு ராவி ராவிச் சதுரமாக்கினேன். கைவேலைன்னு பாத்தா அது ஒண்ணுதான்.

காலேஜ் சொல்லித் தராததை யூட்யூப்தான் சொல்லிக் கொடுத்துச்சு. ரெண்டு வருஷமா எங்க வீட்டு ஸ்ப்ளெண்டருக்கு ஆயில் மாத்துறது, செயின் டைட் பண்றது, பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் ஷூ எல்லாமே நான்தான். "நீயா? ஆயில் எந்தப் பக்கம் ஊத்தணும்னாவது தெரியுமா?"ன்னு நக்கல் பண்ண நண்பர்கள்லாம் இப்ப அவங்க வண்டிக்கு எந்த வீடியோ பாக்கலாம்னு கேக்குறாங்க. அவங்களுக்கு வாட்ஸப்புல துண்டு துண்டா சொன்னதை இங்க ஒழுங்கா எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. வீடியோ எது வரைக்கும் கை கொடுக்கும், எங்க கையை விடும்னு சொல்றதுதான் நோக்கம்.

முதல்ல வண்டி. ஹீரோவும் ஹோண்டாவும் ஒண்ணா இருந்த காலத்துல, 2009ல அப்பா வாங்கின ஸ்ப்ளெண்டர் பிளஸ். 97.2 சிசி, கார்பரேட்டர், முன்னாடியும் பின்னாடியும் டிரம் பிரேக். அடுத்த வருஷம் டிசம்பர்ல ரெண்டு கம்பெனியும் பிரிஞ்சுட்டாங்க, எங்க வண்டியில மட்டும் இன்னும் ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்காங்க. அப்பா விழுப்புரம் பக்கத்துல இருக்கிற எங்க நிலத்துக்கு தினமும் போக வர 14 கிலோமீட்டர் இதுலதான் போறார். வெள்ளிக்கிழமை ஆனா பின்னாடி அம்மா. நான் சென்னையில இருந்து மாசத்துக்கு ரெண்டு வாட்டி வருவேன். அதாவது நான் ரிப்பேர் பண்ற வண்டியை ஓட்டுறது நான் இல்லை. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

வீடியோவோட பெரிய நல்ல விஷயம், அது பயத்தைப் போக்கும். ஒரு எஞ்சினுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதவரைக்கும் அது கர்ப்பக்கிரகம் மாதிரி, நாமல்லாம் உள்ள போகக் கூடாதுன்னு ஒரு நினைப்பு. யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல உக்காந்து, லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு, பத்து நிமிஷத்துல கார்பரேட்டரை அக்கு வேற ஆணி வேறயா கழட்டிக் காட்டும்போது "அட இவ்வளவுதானா"ன்னு ஆயிடும். அதுவும் நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம், பின்னாடி தள்ளிப் பாக்கலாம். மெக்கானிக் அண்ணன்கிட்ட போய் "அண்ணே, அந்த ஜெட்டை இன்னொரு வாட்டி கழட்டிக் காட்டுங்க"ன்னு கேக்க முடியுமா? ஸ்பேனராலயே போடுவார்.

மொழி கூட ஒரு பிரச்சினை இல்லை. எனக்கு ரொம்ப உதவின வீடியோ ஒண்ணு இந்தோனேசியாக்காரர் போட்டது. அந்த ஊர் பழைய ஹோண்டா வண்டிகள்ல சிலது நம்ம ஸ்ப்ளெண்டருக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி. சிலிண்டர் விட்டம் அதே 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் அதே 49.5. அவர் பேசினது ஒரு வார்த்தை புரியலை, ஆனா கை பண்றது முழுக்கப் புரிஞ்சது.

சரி, வீடியோ எங்க கையை விடும்? எனக்குத் தெரிஞ்ச இடங்களைச் சொல்றேன்.

முதலாவது, அது வேற வண்டி. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், இல்லை. ஸ்ப்ளெண்டர்ல செயின் முழுக்க மூடி போட்ட பெட்டிக்குள்ள இருக்கும். ஒரு ரப்பர் மூடியை எடுத்துட்டு அந்த ஓட்டை வழியாத்தான் செயின் எவ்வளவு தொங்குதுன்னு பாக்கணும். வீடியோல வர்ற பாதி வண்டியில செயின் வெளியில தெரியும், அவங்க ஈசியா விரலை வெச்சு ஆட்டிக் காட்டுவாங்க. ஏர் ஃபில்டரும் அப்படித்தான். பஞ்சு ஃபில்டர்னா கழுவிக் காயவெச்சு மாட்டலாம். பேப்பர் ஃபில்டரைக் கழுவினா அது அப்புறம் ஃபில்டர் இல்லை, வெறும் பேப்பர். வீடியோல இருக்கிறவர் அவர் வண்டிக்கு சரியாத்தான் பண்றார். நம்ம வண்டிக்கு சரியான்னு வண்டியோட வந்த மேனுவல்தான் சொல்லும். பீரோல இன்ஷூரன்ஸ் பேப்பருக்கு அடியில கிடக்கும், தேடிப் பாருங்க.

அதோட வீடியோவுக்கு வயசு இருக்கு. 2014ல போட்ட கார்பரேட்டர் வீடியோ இன்னைக்கும் நல்ல வீடியோதான். ஆனா 2025ல நம்ம ஊர் பங்க்ல பெட்ரோல்னா 20 சதவீதம் எத்தனால் கலந்ததுன்னு ஆயிடுச்சு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய வண்டியோட ரப்பரையும் பதம் பாக்கும். அதனால கார்பரேட்டரைக் கழட்டும்போது பெட்ரோல் டியூபை மடக்கிப் பாத்து, வெடிப்பு இருந்தா மாத்திடணும். அந்த வீடியோக்காரருக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை.

ரெண்டாவது, "ஏன்"ங்கறதைச் சொல்ல மாட்டாங்க. ஆயிலையே எடுத்துக்கங்க. "பைக்குக்கு பைக் ஆயில்தான் ஊத்தணும்"னு எல்லாரும் சொல்றாங்க. காருக்கு வாங்கினதுல மிச்சம் ஒரு லிட்டர் இருக்கு, அதை ஊத்தினா என்ன? காரணம் இதுதான். நம்ம பைக்குல எஞ்சினும் கிளட்சும் ஒரே ஆயில்ல குளிக்குது. கிளட்ச் வேலை செய்யறதே தகடுகளோட உராய்வை நம்பித்தான். கார் ஆயில் பலதுல உராய்வைக் குறைக்கவே தனியா மருந்து சேர்ப்பாங்க, மைலேஜுக்காக. அதைக் கொண்டு வந்து பைக்குல ஊத்தினா எஞ்சின் கத்தும், வண்டி நகராது, கிளட்ச் வழுக்கும். அதனாலதான் ஜப்பான்காரங்க ஜாசோன்னு ஒரு தரம் வெச்சாங்க. டப்பா பின்னாடி ஜாசோ எம்ஏன்னு போட்டிருந்தா கியர் பைக்குக்கு. எம்பின்னு போட்டிருந்தா உராய்வு குறைஞ்சது, கிளட்ச் ஆயில்ல ஊறாத ஸ்கூட்டர்களுக்கு. இந்த ஒரு வரி தெரிஞ்சுட்டா கடைக்காரர் எதை எடுத்து நீட்டினாலும் டப்பாவைத் திருப்பிப் பாத்து வாங்கிடலாம்.

மூணாவது, வீடியோல "டைட்" தெரியாது. இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். "நல்லா டைட் பண்ணிக்கங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க. நல்லான்னா எவ்வளவு? 15 சென்டிமீட்டர் ஸ்பேனரோட நுனியில 10 கிலோ அளவுக்கு அழுத்தினா நட்டுக்குப் போறது சுமார் 15 நியூட்டன் மீட்டர். அதே ஸ்பேனர்ல ஒரு பைப்பை சொருகி அரை மீட்டர் ஆக்கிட்டு அதே 10 கிலோ அழுத்தினா கிட்டத்தட்ட 50. கைக்கு ரெண்டும் ஒரே பலம்தான், நட்டுக்கு மூணு மடங்குக்கு மேல. எஞ்சின் அடியில இருக்கிற ஆயில் போல்ட் இரும்பு, அது போய் உக்கார்ற உடம்பு அலுமினியம். சண்டை வந்தா அலுமினியம்தான் தோக்கும். மரை போயிடுச்சுன்னா 500 ரூபா வேலை லேத் பட்டறை வேலையா மாறிடும். மரை கழண்ட மனுஷனைக் கூட சமாளிச்சுடலாம், மரை போன எஞ்சினை சமாளிக்கிறது கஷ்டம் :-)

இதுக்கு டார்க் ரெஞ்ச்னு ஒரு கருவி இருக்கு, வாங்கிடுங்க. மேனுவல்ல எந்த நட்டுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கும். அந்த அளவை வெச்சு முறுக்கினா "டக்"குன்னு ஒரு சத்தம் வரும், நிறுத்திடணும். கொஞ்ச நாள் அதை வெச்சு முறுக்கினா கைக்கே ஒரு கணக்கு வந்துடுது. அப்பதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. மெக்கானிக் அண்ணன் டார்க் ரெஞ்ச் இல்லாம முறுக்குறது குருட்டாம்போக்குல இல்லை. அவர் கைக்குள்ள அது ஏற்கனவே இருக்கு.

நாலாவதுதான் முக்கியமானது. வீடியோவை வெட்டியிருப்பாங்க. துரு புடிச்ச நட்டோட முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினதை யாரும் காட்ட மாட்டாங்க. "இப்ப இதைக் கழட்டிக்கலாம்"னு சொன்ன அடுத்த நொடி நட்டு கையில இருக்கும். இதாவது பரவாயில்லை, நம்ம நேரம்தான் போகும். வெட்டுல ஒரு வேலையே காணாமப் போயிடுச்சுன்னா?

2024ல வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சுது. ஆர்சியை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும்னா ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டியைக் காட்டணும். பின்பக்க பிரேக் ஷூ தேஞ்சிருந்துச்சு. டிரம் பக்கத்துல ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், பிரேக்கை மிதிச்சதும் அது போய் ஒரு கோட்டைத் தொட்டுச்சுன்னா ஷூ முடிஞ்சுதுன்னு அர்த்தம். எங்களுது தொட்டுடுச்சு. இத்தனை வருஷமா எங்க வண்டியைப் பாக்குற மெக்கானிக் அண்ணன் அப்பதான் கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டு கடையை மூடியிருந்தார். அப்பாவுக்கு வேற கடைக்குப் போக மனசு இல்லை. "நீதான் இப்ப எல்லாம் பண்றியே, இதையும் பண்ணேன்"னு சாதாரணமா சொல்லிட்டார்.

ஆயில் மாத்துறது வேற, பிரேக் வேறங்க. ஆயில்ல ஏதாவது ஆனா வண்டி நிக்காம தகராறு பண்ணும், இல்லை நின்னு போகும். பிரேக்ல ஆனா, வேண்டாம். ஆபீஸ்ல நாம எழுதுற கோடு தப்பா போனா பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுட்டு, ஒரு மெயில் எழுதிட்டு, வீட்டுக்குப் போய் தூங்கலாம். நெடுஞ்சாலையைக் குறுக்க கடக்கிற அப்பாவுக்கு பழைய வெர்ஷன் கிடையாது.

நான் நாலு வீடியோ பாத்தேன். கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கட்டத்துக்கும் செல்லுல போட்டோ எடுத்தேன். (இதை மட்டும் எல்லாரும் செய்யுங்க. காசு செலவில்லாத ஒரே டூல்.) பிரேக் ராடோட நட்டு, ஆக்சில் நட்டு, அதுக்கு நடுவுல டிரம் மூடியையும் ஸ்விங் ஆர்மையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு பட்டையான கம்பி. அதோட நட்டு கழண்டு விழாம இருக்க ஒரு ஸ்ப்ளிட் பின். டார்க் ஆர்ம்னு பேர். சக்கரம் செயினைக் கழட்டாமலே வெளியில வந்துடுச்சு. பழைய ஷூவைக் கழட்டி, ஈரத் துணியால துடைச்சு, கேம்லயும் பின்லயும் பொட்டு அளவு கிரீஸ் வெச்சு, லைனர்ல கிரீஸ் படாம புது ஷூ மாட்டி எல்லாம் ஆச்சு. (வீடியோல சிலர் டிரம்ல இருக்கிற தூசியை வாயால ஊதுவாங்க, காத்து அடிப்பாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன்.)

திருப்பி மாட்டும்போது வீடியோவை ஓடவிட்டு பக்கத்துல வெச்சிருந்தேன். அதிகம் பேர் பாத்த வீடியோ அது. சக்கரத்தை உள்ள தள்ளினார், ஆக்சிலை சொருகினார், நட்டை முறுக்கினார், பிரேக் ராடு மாட்டினார், பிரேக் அட்ஜஸ்ட் பண்ணினார், வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு டாட்டா காட்டினார். டார்க் ஆர்ம் எங்கே? நாலு வாட்டி பின்னாடி தள்ளிப் பாத்தேன். ஒரு வெட்டுக்கு முன்னாடி அது தொங்கிட்டு இருக்கு, வெட்டுக்கு அப்புறம் மாட்டியிருக்கு. ஸ்ப்ளிட் பின் போட்டாரா இல்லையான்னு தெரியவே இல்லை. மத்த மூணு வீடியோல ஒண்ணுல மட்டும்தான் பின்னை சொருகி ரெண்டு காலையும் விரிச்சு விடறதைத் தெளிவாக் காட்டினாங்க. என் போட்டோல பின் இருந்துச்சு. அதனால என் வண்டியிலயும் புதுப் பின் ஒண்ணு ஏறுச்சு.

அன்னைக்கு சாயங்காலம் வண்டியை மெதுவா உருட்டிட்டு மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே போனேன். கருப்புக் கண்ணாடி போட்டுட்டு வாசல்ல நாற்காலியில உக்காந்திருந்தார். குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்களாம். அதனால வண்டியை அவர் கைக்கு எட்டுற மாதிரி திண்ணைக்குப் பக்கத்துல சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். வெளிச்சம் வேற கம்மி. அவர் எதையும் பாக்கலை. கையை நீட்டித் தடவினார். முதல்ல விரல் போன இடம் அந்த ஸ்ப்ளிட் பின். ரெண்டு காலும் விரிஞ்சிருக்கான்னு தொட்டுப் பாத்துட்டு, அப்புறம்தான் ஆக்சில் நட்டு, பிரேக் ராடு, அட்ஜஸ்டர்ல ரெண்டு பக்கமும் கோடு ஒண்ணா இருக்கான்னு நகத்தால நிரடிப் பாத்தார். பிரேக்கை என்னை மிதிக்கச் சொல்லிட்டு சக்கரத்தைச் சுத்திவிட்டார்.

"வீடியோ பாத்தா மாட்டினே தம்பி?"

"ஆமாண்ணே."

"இந்தப் பின்னு போடணும்னு அதுல சொன்னானா?"

"ஒருத்தர் சொன்னார், மத்தவங்க சொல்லலைண்ணே."

அப்புறம் அவர் சொன்னதுதான் நான் எந்த வீடியோலயும் கேக்காதது. பிரேக் மிதிக்கும்போது ஷூ டிரம்மைப் பிடிக்குது. சுத்துற டிரம், பிடிச்ச ஷூவையும் அது உக்காந்திருக்கிற மூடியையும் தன்னோட சேர்த்து சுத்தப் பாக்கும். சுத்த விடாம இழுத்துப் பிடிக்கிறது அந்தக் கம்பி ஒண்ணுதான். பின் இல்லாம நட்டு கழண்டு, கம்பி விட்டுச்சுன்னா மூடி சுத்தும், பிரேக் ராடை முறுக்கி இழுத்துக்கும், சக்கரம் அப்படியே பூட்டிக்கும். "மெதுவாப் போறப்ப ஆகாது. நல்லா மிதிப்பான் பாரு, அப்ப ஆகும். என் சர்வீஸ்ல ரெண்டு வண்டி பாத்திருக்கேன். ரெண்டும் அச்சாணி மாதிரி சின்னப் பின்னு விட்டதுதான்."

நியூட்டனோட மூணாம் விதியை பத்தாவதுல இருந்து படிச்சவன் நான். அது அந்தப் பட்டைக் கம்பிக்குள்ள இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

காசு குடுத்தேன், வாங்கலை. "நான் ஒண்ணும் பண்ணலையே." பாத்தீங்களேண்ணேன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "கழட்டுறதுக்கு யாரும் காசு தர வேணாம் தம்பி, மாட்டி அனுப்புறதுக்குத்தான் தர்றாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா எங்கிட்டதானே வந்து நிப்பாங்க"ன்னார். நான் கூலின்னு நினைச்சிட்டிருந்தது அவருக்குப் பொறுப்புன்னு இருக்கு. வீடியோக்காரருக்கு அது கிடையாது. அவரைத் திட்டலை, அவர் யார் வண்டிக்கும் ஜவாப்தாரி இல்லை, அவ்வளவுதான். வீட்டுல நாமளே மாட்டினா அந்த ஜவாப்தாரி நாமதான்.

இப்ப நாங்க ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கோம். ஆயில், பிளக், ஃபில்டர், செயின் எல்லாம் நானே. பிரேக், சக்கரம், ஹேண்டில் சம்பந்தப்பட்டது எதைத் தொட்டாலும் நான் மாட்டுவேன், அவர் தொட்டுப் பாப்பார், அப்புறம்தான் அப்பா ஓட்டுவார். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் பாக்காம உள்ள விட மாட்டாங்க. சாதாரண பட்டன் கலர் மாத்துறதுக்கே அந்த கெடுபிடி. பிரேக்குக்கு இருக்கக் கூடாதா? பாக்குறதுக்கு 100 ரூபா. ரெண்டு மாசம் மறுத்தார், அப்புறம் அப்பா சொன்னதும் வாங்கிக்கிட்டார்.

இன்னொரு பக்கமும் இருக்கு. நான் இப்படி நானே பண்ணிக்கிறதால அவருக்கு வருமானம் குறையுதேன்னு எனக்கு ஒரு உறுத்தல். கேட்டே விட்டேன். சிரிச்சார். "ஆயில் மாத்துற காசுல நான் பொழைக்கலை. என் கவலை வேற." 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததுல இருந்து புது வண்டிகள்ல கார்பரேட்டர் போயி ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துடுச்சு. சென்சார், ஈசியு, ஸ்கேனர்னு எல்லாம் புதுசு. காதை வெச்சுக் கேட்டே கார்பரேட்டரை டியூன் பண்ணின ஆளு, மீட்டர்ல மினுக்குற லைட்டை எண்ணி என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கணும். அவருக்கு யார் சொல்லித் தர்றது?

செல்லை எடுத்துக் காட்டினார். ராத்திரி கடை மூடிட்டு அவரும் யூட்யூப்தான் பாக்குறார்! ஹிந்தி வீடியோ. ஹிந்தி தெரியாது, கையைப் பாத்தே புரிஞ்சுக்கிறார். சில வீடியோல இங்கிலீஷ்ல வயரிங் படம் வருது, அதை மட்டும் நான் ஊருக்குப் போறப்ப படிச்சுச் சொல்றேன். எந்த வயர் 5 வோல்ட், எது எர்த்து, மல்டிமீட்டரை எங்க வைக்கணும்னு. என் பி.ஈ. டிகிரி முதல் தடவையா ஒரு மனுஷனுக்கு உபயோகப்படுது.

போன மாசம் ஒரு வீடியோவைப் பாதியில நிறுத்திட்டு, "இங்க வெட்டிட்டான் பாரு, கப்ளரைக் கழட்டுறதுக்கு முன்னாடி பேட்டரி வயரை எடுத்தானான்னு காட்டலை"ன்னார். வெட்டு எங்க இருக்குன்னு எனக்கு முன்னாடி அவர் கண்டுபிடிச்சுடுறார். கண்ணும் இப்ப நல்லாத் தெரியுதாம்.

டிஸ்கி: பழைய ஆயிலை சாக்கடையில ஊத்தாதீங்க. கேன்ல பிடிச்சு மெக்கானிக் கடையில குடுத்துடுங்க, மொத்தமா எடுத்துட்டுப் போக ஆள் வருவாங்க. அப்புறம், ஒருதடவை கழட்டின ஸ்ப்ளிட் பின்னைத் திரும்பப் போடாதீங்க. மடக்கி மடக்கி கால் உடைஞ்சுடும். புதுசு டீக்காசை விடக் கம்மி.